கட்டடத்துக்கு ஒரு நீர்க்கட்டி
வணிகக் கட்டடங்களின் தண்ணீர்ச் சிக்கனம்: சென்னையை முன்வைத்து ஓர் ஆய்வு

விடியற்காலை நாலரை மணி. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அலுவலக வளாகத்தின் பின்வாசலில் இரண்டு தண்ணீர் லாரிகள் நிற்கின்றன. தடித்த ஹோஸ் நிலத்தடித் தொட்டியான சம்புக்குள் இறங்குகிறது. இணைப்பு சரியாகப் பொருந்தாததால் ஓரத்தில் தண்ணீர் பீறிட்டுத் தரையில் ஓடுகிறது. பம்ப் ஆபரேட்டர் மூடியைத் திறந்து நீளமான ஒரு குச்சியை உள்ளே விட்டு, ஈரம் ஏறிய உயரத்தைக் கையால் பிடித்துப் பார்க்கிறார். பதிவேட்டில் நேரத்தையும் லாரி எண்ணையும் எழுதுகிறார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி ஆகுது?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு லாரி சார். வெயில் காலத்துல கூடும்."

"எதுக்கு எவ்வளவு போகுது?"

"அது தெரியாது சார். சம்ப் இறங்கினா லாரிக்கு போன் பண்ணுவோம்."

அவர் மீது குறை சொல்ல எதுவுமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கருவி அந்தக் குச்சி மட்டுமே. குளிர்சாதனத்துக்கும் லிஃப்டுக்கும் கணினித் திரையில் நொடிக்கு நொடி கணக்குக் காட்டும் அந்தக் கட்டடத்தில், தண்ணீருக்கு மட்டும் கணக்கு இல்லை. வணிகக் கட்டடங்களில் தண்ணீரை எப்படிக் குறைவாகப் பயன்படுத்துவது என்ற கேள்வி பெரும்பாலும் எந்தக் குழாயை வாங்குவது, எந்த இயந்திரத்தை வைப்பது என்றே பேசப்படுகிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கட்டடத்தில் தண்ணீருக்குப் பொறுப்பு யார்? கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாலும், கடைசியில் எல்லா வழியும் இந்தக் கேள்வியிலேயே வந்து சேருகிறது.

நகரமும் அதன் பெரிய கட்டடங்களும்

சென்னைக்கு மழை குறைவில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதம் பொய்த்தால் அடுத்த கோடை கடினமாகிவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்தது. சில தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னதும், சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தியதும் அந்த ஆண்டில்தான். தண்ணீர் இல்லாவிட்டால் அலுவலகமே இல்லை என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

அதற்கு முன்னும் பின்னும் நகரம் புதிய நீரைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. 2004இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் ஆலைகள் வந்தன. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இன்னோர் ஆலை சேர்ந்தது. கடல்நீரை நன்னீராக்க ஒரு கிலோலிட்டருக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு, ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. லாரித் தண்ணீரின் விலையோ வேறு வகையானது. அதில் பெரும்பகுதி புறநகர்க் கிராமங்களின் கிணறுகளிலிருந்து வருகிறது. நகரம் வாங்குவதற்காக ஊர்க் கிணறுகள் இறைக்கப்படுவதால் விவசாயமும் குடிநீரும் என்ன ஆகின்றன என்பதைச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த எஸ். ஜனகராஜன் நீண்ட காலமாக ஆய்ந்து எழுதியிருக்கிறார். ஒரு கட்டடம் ஒரு லாரியைக் குறைத்தால், எங்கோ ஒரு கிணற்றில் அந்த அளவு நீர் மிஞ்சுகிறது.

ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேவை? 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு அலுவலகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்கிறது. இதில் 25 லிட்டர் குடிக்க, கைகழுவ, துடைக்க. 20 லிட்டர் கழிப்பறைக்கு. மூன்று நட்சத்திரம் வரையிலான விடுதியில் ஆளுக்கு 180 லிட்டர், அதற்கு மேற்பட்டதில் 320 லிட்டர். 100 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் படுக்கைக்கு 450 லிட்டர். உணவகத்தில் இருக்கைக்கு 70 லிட்டர். இவை குழாயும் தொட்டியும் எந்த அளவில் போட வேண்டும் என்று திட்டமிடுவதற்கான எண்கள். நாளடைவில் பலர் இவற்றையே செலவழிக்க உரிமையுள்ள அளவாக எடுத்துக்கொண்டார்கள். தேவையின் அளவு கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். அதை அளந்துதான் அறிய முடியும்.

முதல் வேலை மீட்டர்

கட்டடத்துக்குள் வரும் தண்ணீருக்கு ஒரு மீட்டர் போதாது. குறைந்தது ஆறு இடங்களில் வேண்டும்: குடிநீர் வாரியக் குழாய் வரும் இடம், போர்வெல், லாரி இறங்கும் இடம், கூலிங் டவர், கழிப்பறைக் குழாய்த்தொகுதி, சமையலறை. தோட்டமும் சலவையும் இருந்தால் அவற்றுக்கும் ஒன்று. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் படித்து எழுத வேண்டும். ஒரு மாதம் எழுதினால் கட்டடத்தின் குணம் தெரிந்துவிடும். திங்கட்கிழமை ஏன் கூடுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் ஏன் முள் நகர்கிறது என்ற கேள்விகள் தாமாக எழும்.

இதில் எளிமையான சோதனை இரவுச் சோதனை. எல்லோரும் போன பிறகு இரவு 10 மணிக்கு ஒருமுறை, காலை 5 மணிக்கு ஒருமுறை மீட்டரைப் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் தொட்டி நிரப்புவதோ சுத்தம் செய்வதோ நடக்கவில்லை என்றால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அது கசிவு. இந்தச் சோதனைக்குத் தனியாகச் செலவு கிடையாது. இரண்டு முறை நடந்து போய்ப் பார்க்க ஒரு மனிதர் போதும்.

கசிவும் அழுத்தமும்

சொட்டும் குழாய் கண்ணில் படும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்குச் சுமார் 20 லிட்டர். கண்ணில் படாத கசிவுதான் பெரிது. கழிப்பறைத் தொட்டியின் அடி வால்வு தேய்ந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் பீங்கானின் உட்சுவரில் வழிந்துகொண்டே இருக்கும். ஒரே தொட்டியில் நாளுக்குச் சில நூறு லிட்டர் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கச் சமையலறையிலிருந்து கொஞ்சம் கேசரிப் பவுடர் வாங்கி வந்தால் போதும். தொட்டி நீரில் கலந்து, யாரும் அழுத்தாமல் அரை மணி நேரம் விட வேண்டும். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் வால்வை மாற்ற வேண்டும். ஐம்பது கழிப்பறை உள்ள கட்டடத்தில் ஓர் ஆள் ஒரு நாளில் முடித்துவிடலாம்.

நம் ஊர்க் கழிப்பறைகளுக்கே உரிய இன்னொரு கசிவு ஹெல்த் ஃபாசெட். கைப்பிடியை விட்டதும் நின்றுவிடும் என்று நினைத்துச் சுவர் வால்வைத் திறந்தே வைக்கிறோம். எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் ஹோஸ் சில மாதங்களில் இணைப்பில் ஒழுகத் தொடங்கும். மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு பழுதானால் தண்ணீர் வழிகுழாய் வழியாகக் கூரையில் ஓடி மழைநீர்க் குழாயில் இறங்கும். யாரும் மாடிக்கு ஏறாவிட்டால் வாரக்கணக்கில் தெரியாது.

அழுத்தம் அடுத்தது. ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. மாடித் தொட்டியிலிருந்து நேராகத் தண்ணீர் இறங்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து சட்டையை நனைக்கும். சில தளங்களுக்கு ஒன்றாக அழுத்தக் குறைப்பு வால்வு வைத்து 4 பாரை 2 பாராக இறக்கினால், அதே குழாயில் வரும் நீர் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். கசிவின் வேகமும் அதே கணக்கில் குறையும்.

குழாய் முனையில்

எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்க்க ஒரு லிட்டர் கூஜாவும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். முழுக்கத் திறந்த குழாயில் கூஜா 6 நொடியில் நிரம்பினால் அது நிமிடத்துக்கு 10 லிட்டர் குழாய். கைகழுவ 15 நொடி ஆகிறதென்றால் இரண்டரை லிட்டர். அதே முனையில் நீரோடு காற்றைக் கலக்கும் ஏரேட்டரை மாட்டி நிமிடத்துக்கு 3 லிட்டராக்கினால் முக்கால் லிட்டர். கை நனைவதில் வித்தியாசம் தெரியாது. 2,000 பேர் நாளுக்கு நான்கு முறை கைகழுவும் அலுவலகத்தில் இது 20,000 லிட்டரை 6,000 ஆக்குகிறது.

கழிப்பறைத் தொட்டியிலும் கணக்கு இப்படித்தான். பழைய 10 லிட்டர் தொட்டியை இருமுறை அழுத்தினால் 20 லிட்டர். இரட்டைப் பொத்தான் உள்ள 6/3 லிட்டர் தொட்டியில் பெரியது ஒருமுறை, சிறியது ஒருமுறை என்றால் 9. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு ஃபிளஷுக்கு ஏறத்தாழ 6 லிட்டர் என்று வரம்பு கட்டியது. ஆனால் எண்ணைக் குறைத்துக்கொண்டே போவதும் சரியல்ல. பழைய கட்டடத்தில் நீளமாக, சரிவு குறைவாகப் போட்ட கழிவுநீர்க் குழாயில் 4 லிட்டரை விட்டால் கழிவு பாதியில் தேங்கும். அடைப்பு எடுக்கச் செலவாகும் தண்ணீர் சேமித்ததைத் தின்றுவிடும். குழாயின் சரிவைப் பார்த்த பிறகே தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னையின் உப்புத் தண்ணீர் ஏரேட்டரின் வலையில் வெள்ளையாகப் படிந்து சில வாரத்தில் அடைத்துவிடும். தண்ணீர் மெலிதாக வருகிறதென்று யாரோ புகார் சொல்வார், பிளம்பர் அதைக் கழற்றி வீசிவிடுவார், திட்டம் முடிந்தது. மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்து மாட்டுவதற்கு ஓர் ஆளும் ஒரு தேதியும் இருந்தால் அதே ஏரேட்டர் நெடுநாள் உழைக்கும்.

கூரையில் மறையும் தண்ணீர்

தண்ணீர்ச் சிக்கனம் என்றதும் கழிப்பறை நினைவுக்கு வருகிறது. பெரிய அலுவலகம், வணிக வளாகம், மருத்துவமனை, விடுதி ஆகியவற்றில் கழிப்பறைக்கு நிகரான இன்னொரு செலவு கூரையில் யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. அதுதான் கூலிங் டவர். கட்டடத்தின் வெப்பத்தைச் சுமந்து வரும் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகி, மீதியைக் குளிரச் செய்கிறது. ஒரு டன் குளிர்சாதனத்துக்கு மணிக்குச் சுமார் 6.8 லிட்டர் ஆவியாகும். 500 டன் ஆலை முழுச் சுமையில் 10 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 34,000 லிட்டர் ஆவி.

ஆவியாவதைக் குறைப்பது கடினம். சேமிப்பு வேறிடத்தில் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகிறது. உப்பு ஏறினால் குழாயில் படிமம் கட்டும் என்பதால் அவ்வப்போது ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இதைத்தான் களத்தில் 'புளோடவுன்' என்கிறார்கள். உள்ளே வரும் தண்ணீரைவிடச் சுழலும் தண்ணீரில் உப்பு எத்தனை மடங்கு ஏற விடுகிறோம் என்பது 'சி.ஓ.சி.' எண். அது 3 என்றால், ஆவியாகும் 34,000 லிட்டருக்கு மேல் 17,000 லிட்டர் வெளியேறும், மொத்தம் 51,000. அது 5 என்றால் வெளியேறுவது 8,500, மொத்தம் 42,500. ஒரே ஓர் எண்ணை மாற்றுவதில் நாளுக்கு 8,500 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு 9,000 லிட்டர் லாரி, மிச்சம்.

பல கட்டடங்களில் இந்த வால்வைக் கையால் திறந்து மூடுகிறார்கள். திறந்தவர் வேறு வேலைக்குப் போனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நீரின் உப்பைத் தானே அளந்து வால்வைத் திறந்து மூடும் கருவி சந்தையில் உண்டு. உள்ளே வரும் தண்ணீரே உப்பாக இருந்தால் சி.ஓ.சி.யை உயர்த்த முடியாது என்பது கடற்கரை ஓரக் கட்டடங்களின் துன்பம். அதற்கு மருந்து அதே கட்டடத்தில் இருக்கிறது. சென்னையின் ஈரக் காற்றைக் குளிர வைக்கும்போது ஏசியின் சுருளில் தண்ணீர் சொட்டுகிறது. ஏறக்குறைய உப்பே இல்லாத இந்த நீர் டன்னுக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கிடைக்கும். இன்று அது பெரும்பாலும் சாக்கடைக்குப் போகிறது. குழாய் போட்டுக் கூலிங் டவருக்கு அனுப்பினால் இரட்டை நன்மை: புதுத் தண்ணீர் குறையும், உப்பின் செறிவு இறங்குவதால் சி.ஓ.சி.யும் ஏறும்.

காற்றால் குளிர்விக்கும் இயந்திரத்துக்கு மாறினால் தண்ணீரே வேண்டாம் என்பார்கள். உண்மை. ஆனால் மின்சாரம் கூடும். எதை எங்கே செலவழிப்பது என்பதை ஒவ்வொரு கட்டடமும் தன் ஊரின் நிலையைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

அடுக்களையும் நோயாளியின் படுக்கையும்

உணவகத்தில் தண்ணீர் மூன்று இடத்தில் போகிறது: காய்கறி கழுவும் தொட்டி, பாத்திரம் தேய்க்கும் இடம், தரை கழுவும் ஹோஸ். ஓடும் குழாயின் கீழ் கழுவுவதை விட்டு அண்டாவில் ஊறவைத்துக் கழுவுவது நம் பாட்டிமார் செய்த வேலைதான். எச்சிலைத் துடைத்தெடுத்த பிறகு விசைத்தெளிப்பானால் கழுவினால் தண்ணீரும் குறையும், கொழுப்பும் சாக்கடையில் அடைக்காது. குடிநீருக்கான ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் உப்புநீரைக் குழாய் போட்டுத் தரை கழுவவோ கழிப்பறைக்கோ அனுப்பலாம்.

மருத்துவமனையில் கவனிக்க வேண்டியது டயாலிசிஸ் பிரிவு. நிமிடத்துக்கு 500 மில்லி என்று நான்கு மணி நேரம் ஓடும் ஒரு சிகிச்சைக்கு 120 லிட்டர் தூய நீர் வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆர்.ஓ. அதற்கு மேலும் கணிசமான நீரைத் தள்ளுகிறது. தள்ளப்படும் அந்த நீர் நோயாளியைத் தொட்டதே இல்லை. முன்சுத்திகரிப்பு முடிந்த, கொஞ்சம் உப்பு கூடிய நீர். அதைச் சேர்த்துவைக்க ஒரு தொட்டியும் கழிப்பறைக்கு ஒரு குழாயும் போட்டால் நாளெல்லாம் கிடைக்கும். நோயாளியின் பாதுகாப்பைத் தொடாமல் சேமிக்கக்கூடிய இடங்கள் மருத்துவமனையில் இப்படி நிறைய உண்டு. அறுவை அரங்கின் கைகழுவும் தொட்டியில் கைவைக்கத் தேவையில்லை.

பயன்படுத்தியதை மீண்டும் பயன்படுத்துதல்

20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி பெற வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இரட்டைக் குழாய் அமைப்பும் அந்த அனுமதியின் வழக்கமான நிபந்தனைகள். எனவே பெரிய கட்டடங்களின் அடித்தளத்தில் இயந்திரம் இருக்கிறது. ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

சுத்திகரிப்பைச் செய்வது உயிருள்ள நுண்ணுயிர்கள். அலுவலகக் கட்டடத்தில் வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரை அவற்றுக்கு உணவு வருவதில்லை. திங்களன்று ஒரேயடியாக வந்து குவிகிறது. நீரைச் சமப்படுத்தும் தொட்டி சிறிதாக இருந்தாலோ, ஆபரேட்டர் மின்சாரம் மிச்சம் என்று காற்றூதியை நிறுத்தினாலோ நீர் நாறும். நாறும் நீர் கழிப்பறைத் தொட்டிக்கு வந்தால் புகார் வரும். புகார் வந்ததும் வால்வைத் திருப்பி நல்ல தண்ணீரைக் கழிப்பறைக்கு விடுவார்கள். அந்த வால்வு மறுபடி திரும்புவதே இல்லை. காகிதத்தில் மறுபயன்பாடு நடந்துகொண்டிருக்கும்; உண்மையில் லாரி வந்துகொண்டிருக்கும்.

இதற்கு வழி, நிலையத்தின் வெளியேற்றத்திலும் கழிப்பறைக் குழாயிலும் மீட்டர் வைப்பது. வாரம் ஒருமுறை நீரைச் சோதிப்பது. ஆபரேட்டருக்கு முறையான பயிற்சியும் ஊதியமும் கொடுப்பது. நல்ல தண்ணீர்க் குழாயும் சுத்திகரித்த நீர்க் குழாயும் ஒன்றோடொன்று சேராமல் வெவ்வேறு நிறத்தில் போட வேண்டும். கூலிங் டவருக்கு அனுப்பும் நீரை நுண்வடிகட்டி, உப்பைக் கட்டுப்படுத்தி, கிருமிநாசினி சேர்த்தே விட வேண்டும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் கூடியவர்களிடையே பரவிச் சுமார் 30 பேரைக் கொன்ற நுரையீரல் நோயிலிருந்துதான் லெஜியோனெல்லா கிருமி உலகுக்குத் தெரியவந்தது. கவனிக்காத கூலிங் டவரிலும் தேங்கிய வெதுவெதுப்பான நீரிலும் அது வளரும். சிக்கனம் என்ற பெயரில் சுகாதாரத்தைக் குறைக்கக் கூடாது.

நகர அளவிலான மறுபயன்பாடு சென்னைக்குப் புதிதல்ல. மணலியின் ஆலைகள் 1990களிலிருந்தே கொடுங்கையூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துகின்றன. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தரும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் திறக்கப்பட்டு, தொழிற்சாலைகளுக்கு நீர் போகிறது. ஆலைக்கு ஏற்ற நீர் கூலிங் டவருக்கும் ஏற்றதே.

மழைக்கு ஒரு தொட்டி

2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்மாதிரி அது. பெரும்பாலான கட்டடங்கள் அதை நிலத்துக்குள் இறக்கும் குழியாகவே புரிந்துகொண்டன. பல குழிகள் மண் அடைத்துக் கிடக்கின்றன. 5,000 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடிபட்டால் 56 லட்சம் லிட்டர். முழுவதையும் தொட்டியில் வைக்க முடியாது. ஆனால் முதல் மழையைக் கழித்து, வடிகட்டி, நேராகச் சம்புக்கு விட்டால் பருவமழை நாட்களில் லாரியை நிறுத்தலாம். உப்பில்லாத அந்த நீர் கூலிங் டவருக்கும் நல்லது. மிஞ்சியதைக் கிணற்றுக்கு விடலாம்.

மொத்தக் கணக்கு

இப்போது எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைத்துப் பார்ப்போம். 2,000 பேர், 500 டன் குளிர்சாதனம், நாளுக்கு 10 மணி நேரம். ஆட்களுக்கு 45 லிட்டர் வீதம் 90,000. கூலிங் டவருக்கு 51,000. மொத்தம் 1,41,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏறத்தாழ பன்னிரண்டு. பம்ப் ஆபரேட்டர் சொன்ன எண் இதுவே.

ஏரேட்டர் மாட்டினால் கைகழுவுதல் முதலான செலவு 50,000இலிருந்து 36,000. தொட்டியை மாற்றினால் கழிப்பறைச் செலவு 40,000இலிருந்து 18,000. சி.ஓ.சி.யை உயர்த்தினால் கூலிங் டவர் 42,500. இனி மறுபயன்பாடு: ஆட்கள் பயன்படுத்திய 54,000 லிட்டரில் ஐந்தில் நான்கு பங்கு, சுமார் 43,000, சுத்திகரித்துக் கிடைக்கும். அதில் 18,000 கழிப்பறைக்குப் போக மீதி 25,000 கூலிங் டவருக்கு. ஏசி நீர் 2,500 சேர்த்தால் டவருக்கு வெளியிலிருந்து வேண்டியது 15,000. ஆக, வாங்க வேண்டிய புதுத் தண்ணீர் நாளுக்கு 51,000 லிட்டர். பன்னிரண்டு லாரி நான்கு அல்லது ஐந்தாகிறது. ஆவியாதல் நாளுக்கு நாள் மாறும், நீரின் உப்பும் மாறும். எனவே எண் கொஞ்சம் ஏறி இறங்கலாம். திசை மாறாது.

வரிசையும் முக்கியம். முதலில் அளவு, பிறகு கசிவு, பிறகு குறைப்பு, கடைசியாக மறுபயன்பாடு. பலர் கோடிக்கணக்கில் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டு, ஒழுகும் வால்வை அப்படியே விடுகிறார்கள். ஒழுகும் நீரையும் காசு கொடுத்துச் சுத்திகரிப்பது அதன் விளைவு.

சட்டம் எங்கே உதவுகிறது

சிங்கப்பூர் 2009இல் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் தண்ணீர்ச் சிக்கன முத்திரையைக் கட்டாயமாக்கியது. 2015இலிருந்து ஆண்டுக்கு 60,000 கன மீட்டருக்கு மேல் பயன்படுத்தும் நிறுவனங்கள் உள்மீட்டர் வைத்து, எங்கே எவ்வளவு போகிறது என்ற கணக்கையும் குறைப்புத் திட்டத்தையும் ஒவ்வோர் ஆண்டும் நீர் வாரியத்திடம் கொடுக்க வேண்டும். இயந்திரத்தைக் கேட்காமல் கணக்கைக் கேட்கும் சட்டம் அது. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது பெங்களூரு நீர் வாரியம் வணிகக் கட்டடங்களில் ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது. நல்ல ஆணை. ஆனால் மாட்டியது கழற்றப்படாமல் இருக்கிறதா என்பதை மீட்டர்தான் சொல்லும்.

இங்கே தடையாக இருப்பது பொறுப்பு சிதறிக் கிடப்பது. கட்டியவர் ஒருவர், வாடகைக்கு இருப்பவர் இன்னொருவர், பராமரிப்பவர் ஒப்பந்தக்காரர். தண்ணீர்ச் செலவு சதுர அடிக் கணக்கில் பராமரிப்புக் கட்டணத்தில் கரைந்துவிடுகிறது. குறைவாகப் பயன்படுத்திய தளமும் அதிகமாகப் பயன்படுத்திய தளமும் ஒரே தொகையைக் கட்டுகின்றன. சேமித்தவருக்குப் பலன் வராத இடத்தில் சேமிப்பு நிலைக்காது. தளத்துக்கு ஒரு மீட்டர், அந்த மீட்டருக்கு ஏற்ற கட்டணம் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நீர் வாரியமும் பெரிய கட்டடங்களிடம் ஆண்டுதோறும் தண்ணீர்க் கணக்கு கேட்டு அதை வெளியிட வேண்டும்.

நீர்க்கட்டி

நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மடையர், கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, கால்வாயில் எங்கே உடைப்பு என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு நெல் பங்கு உண்டு. ஏரி வற்றிய ஆண்டில் அவர் சொல்லுக்கு ஊர் கட்டுப்பட்டது. தன் வயலை மட்டும் பார்க்கும் உழவர்கள் நடுவே, தண்ணீரை மட்டுமே பார்க்கும் ஒரு மனிதரை ஊர் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.

இரண்டாயிரம் பேர் வந்துபோகும் கட்டடம் ஓர் ஊர்தான். அதற்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும். பம்ப் ஆபரேட்டரின் கையில் குச்சிக்குப் பதில் மீட்டர் எண்கள் இருக்க வேண்டும். வால்வை மாற்றவும், ஏரேட்டரைக் கழுவவும், சுத்திகரிப்பு நிலையத்தைக் கேள்வி கேட்கவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். சேமித்த லாரியின் விலையில் அவருக்கும் ஒரு பங்கு வேண்டும். இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாக் கருவிகளும் அவர் இருந்தால் வேலை செய்யும். அவர் இல்லாத இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வால்வும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஒரு கட்டடத்தின் நிர்வாகத்தில் நீங்கள் இருந்தால், நாளையே எதையும் வாங்க வேண்டாம். இன்று இரவு 10 மணிக்கு ஒருவரை அனுப்பி மீட்டரைப் படிக்கச் சொல்லுங்கள். காலை 5 மணிக்கு மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களையும் எழுதி, எழுதியவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.